ஆசான் பட்டிக்காந்தொடி இராவுண்ணி மேனன்

அஸ்திவாரம் உறுதிப்படாத இடத்தில் கோபுரம் எழுப்ப எவரும் துணியார். ஆயினும் ஆடல் கற்கப் புகும் நம் சிறுமியர்க்கு ஓராண்டிலேயே அரங்கேற்றம் நிகழ வேண்டுமென நாம் அவசரப்படுகின்றோம். அடியேன் இல்லத்திலும் அவ்வவசரம் உண்டு. இரண்டாண்டாகியும் தட்டடவிலேயே நிற்கின்றாளே என்று மகளின் ஆசிரியையை மாற்றவும் எண்ணினேன். அவ்வெண்ணத்தைக் கைவிடச் செய்தது இப்பெரியாரின் வரலாறு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிறந்த இராவுண்ணி மேனன், நம் பாலக்காட்டுச் சீமையிலுள்ள வெள்ளிநேழியில், கதகளியைப் போற்றி வளர்த்த ஒளப்பமண்ண மனையின் ஆதரவில், இட்டிராரிச்ச மேனனிடம் கல்லுவழி முறையைக் கற்றார். பின்னர்க் கொடுங்கல்லூர்க் குஞ்ஞுண்ணித் தம்புரானை அடைந்து, நாட்டிய சாஸ்திரத்தையும் முகபாவ நுட்பங்களையும் பயின்றார். உடற்கட்டுப்பாட்டையும் பாவத்தையும் ஒன்றாக இணைத்ததே அவர் கலைக்குச் செய்த பெருந்தொண்டு.

கதகளி நடிகர் பாதத்தின் வெளிவிளிம்பில் நின்று, முழங்கால்களை அகல விரித்துத் தாழ்ந்து ஆடுவர். பாரமான ஆடையும் கிரீடமும் தாங்கி இரவு முழுவதும் ஆடுதல் வேண்டும். இதற்கென மழைக்காலத்து வைகறையில் மாணவர் உடலெங்கும் எண்ணெய் பூசிக் குதித்தும் கால்வீசியும் பயில்வர். வியர்வை பெருகிய பின் பாயில் படுக்க, ஆசான் தம் பாதத்தால் அவர்கள் உடலை நீவி விடுவார். இதனால் இடுப்பும் தொடையும் இளகி, நிலை உறுதிப்படும். ஐரோப்பியரின் பாலே நடனத்திலும், கணுக்காலும் இடுப்பும் பல்லாண்டுப் பயிற்சியால் வலுப்பெற்ற பின்னரே, கால்விரல் நுனியில் நின்றாடும் காலணியை மாணவிக்கு அளிப்பர். தேசங்கள் வேறாயினும் நெறி ஒன்றே.

1930-இல் மகாகவி வள்ளத்தோளும் மணக்குளம் முகுந்த ராஜாவும் கேரள கலாமண்டலத்தை நிறுவினர். அங்கு ஆசானாக அமர்ந்த மேனன், அடிப்படைப் பாடத்தில் சிறிதும் விட்டுக்கொடாத கண்டிப்பினர். வாழேங்கட குஞ்சு நாயர், கீழ்ப்படம் குமாரன் நாயர், இராமன்குட்டி நாயர், தம் மைந்தர் பத்மநாபன் நாயர் ஆகியோர் அவர்தம் மாணாக்கருள் சிலர். 1948-இல் ஆசான் மறைந்தார். அவர் வகுத்த பயிற்சியோ மறையவில்லை. இராமன்குட்டி நாயர் 2007-இல் பத்மபூஷண் விருது பெற்றமை அவ்விதையின் விளைச்சலன்றோ!

பாலக்காடு சந்திப்பில் வண்டியேறி ஷொர்ணூரில் இறங்கிப் பாரதப்புழையைக் கடந்தால் செறுதுருத்தி. அங்கேதான் கலாமண்டலம் உள்ளது. விடுமுறையில் நம் குழந்தைகளை அங்கு அழைத்துச் சென்று அப்பயிற்சியைக் காட்டுவோமாக. மகள் இன்றும் தட்டடவே பயில்கின்றாள். எத்தனை மாதமாயிற்று என்று அடியேன் இப்பொழுது எண்ணுவதில்லை.