கடல் கடந்த துரைசாமி

சிவகங்கைச் சீமையின் வரலாற்றில் பெரிய மருது, சின்ன மருது ஆகியோரின் பெயர்களை அறியாதார் இலர். சின்ன மருதுவின் இளைய மகனான துரைசாமியின் வாழ்வோ அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தூக்குக் கயிற்றுக்குத் தப்பிய அவருக்கு விதிக்கப்பட்டது கடல் கடந்த சிறைவாழ்வு.

காரைக்குடிக்கு அருகிலுள்ள சிறுவயல் சின்ன மருதுவின் இருப்பிடமாக விளங்கியது. எளிதில் எவரும் அணுகத்தக்க அவருடைய இல்லத்திற்கு ஆங்கிலேய அதிகாரிகளும் வந்து போயினர். அவர்களுள் ஒருவர் ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் இளம்படை அதிகாரி. ஈட்டி எறியவும் வளரி வீசவும் அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுவே. அந்த நட்பு நீடிக்கவில்லை.

1801ஆம் ஆண்டு தென்னாடு முழுவதும் போர்க்களமாயிற்று. பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மீண்டும் எழுப்பினார். மே மாதம் அது வீழ்ந்தபின் மருது சகோதரர்களிடம் அடைக்கலம் புகுந்தார். அவரை ஒப்படைக்குமாறு கும்பினியார் வற்புறுத்தியும் மருதுவர் இசையவில்லை. ஜூன் மாதம் சின்ன மருது வெளியிட்ட அறிக்கை திருச்சிராப்பள்ளியிலும் திருவரங்கத்திலும் ஒட்டப்பட்டது. ஜூலை இறுதியில் ஆங்கிலப்படை சிறுவயலை நெருங்கியபோது, பகைவருக்குப் பயன்படலாகாது என ஊராரே தம் ஊருக்குத் தீ வைத்தனர். துரைசாமியின் தந்தை வாழ்ந்த மண் அவ்வாறு சாம்பலாயிற்று.

அக்டோபர் முதல் நாள் காளையார்கோவில் வீழ்ந்தது. காட்டில் தேடிப் பிடிக்கப்பட்ட சின்ன மருது, தொடையெலும்பு முறிந்த நிலையிலேயே தூக்குமேடைக்குக் கொண்டு செல்லப்பட்டார். அக்டோபர் 24ஆம் நாள் சகோதரர் இருவரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். குடும்பத்து ஆண்கள் பலருக்கும் அதே முடிவு நேர்ந்தது. பதினைந்து வயதளவினரான துரைசாமிக்கு நாடுகடத்தல் தண்டனை வழங்கப்பட்டது.

1802 பிப்ரவரியில் துரைசாமியுடன் எழுபதுக்கு மேற்பட்ட கிளர்ச்சியாளர்கள் தூத்துக்குடியில் கப்பலேற்றப்பட்டனர். வேலு நாச்சியாரின் மருமகனும் சிவகங்கையின் அரசருமான வேங்கன் பெரிய உடையணத் தேவரும் நாடுகடத்தப்பட்டோருள் ஒருவர். அவர் பின்னர்ச் சுமத்திராத் தீவின் பென்கூலனில் உயிர்நீத்தார். தூத்துக்குடியில் இக்கைதிகளுக்குக் காவல் பொறுப்பேற்றிருந்தவர் வேறெவருமல்லர், அதே வெல்ஷ்தான். தமக்கு வளரி கற்பித்தவரின் மகனை விலங்குடன் காணும் நிலை அவருக்கு வாய்த்தது. இரக்கம் கொண்டாரேனும் விடுவிக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை.

கப்பல் சென்றடைந்த இடம் பினாங்குத் தீவு. 1786இல் பிரான்சிஸ் லைட் கும்பினிக்காகக் கைக்கொண்ட அத்தீவு, அக்காலத்தில் வேல்சு இளவரசர் தீவு எனப்பட்டது. காடு அழிக்கவும் சாலை அமைக்கவும் அங்கு ஆட்கள் தேவைப்பட்டனர். இந்தியச் சிறைகளிலிருந்து கைதிகள் கொண்டுவரப்பட்டனர். அந்தமான் தண்டனைத் தீவாக நிலைபெற்றது 1858இல்தான். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே தமிழ்நாட்டுப் போராளிகள் பினாங்கின் சிறையைக் கண்டுவிட்டனர்.

பதினாறு ஆண்டுகள் கழிந்தன. 1818இல் பினாங்கு சென்ற வெல்ஷின்முன் நலிந்து தளர்ந்த ஒரு மனிதர் வந்து நின்றார். வெல்ஷுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. பெயரைக் கேட்டறிந்தபோதுதான் உள்ளம் அதிர்ந்தது. முதியவர் போலத் தோன்றிய அவர் துரைசாமி. கணக்கிட்டால் அவருக்கு அப்போது வயது முப்பதைச் சற்றே கடந்திருக்கும்.

இச்சந்திப்பை வெல்ஷ், 1830இல் இலண்டனில் வெளிவந்த தம் படைத்துறை நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்தார். மருதுவரை எதிர்த்துப் போரிட்ட ஒருவரின் நூலே அவர்தம் மைந்தனின் துயருக்குச் சான்றாக நிற்பது விந்தையே. அந்நூலில் மருது 'மர்டூ' எனவும் துரைசாமி 'தோர சுவாமி' எனவும் வளரி 'கள்ளரி'த் தடி எனவும் உருமாறிக் கிடக்கின்றன. கடல் கடத்தப்பட்ட தம் முன்னோரைத் தேடுவோர் கும்பினி ஏடுகளை விழியால் மட்டும் படித்தால் போதாது. ஒவ்வொரு பெயரையும் உரக்க ஒலித்துப் பார்க்க வேண்டும். துரைசாமியை வெல்ஷ் அறிந்திருந்தமையால் அவர் பெயர் எஞ்சியது. உடன் சென்றோருள் பெரும்பாலோரை அறிந்து எழுத எவரும் பினாங்கிற்குச் செல்லவில்லை.