கேட்கக் கூசாத அண்ணல்

செஞ்சிக் கோட்டையடிவாரத்துப் பிள்ளைகள் சிலர், மாற்றுச் சட்டையின்மையால் பள்ளிக்கு வாராது நின்றதையும், உதவி கேட்கக் கூசியதையும் நாம் கண்டுள்ளோம். அவர்கட்காகவே அண்ணல் அம்பேத்கரின் மாணவப் பருவத்தை ஈண்டு வரைகின்றோம்.

1907-இல் மெட்ரிக் தேறியவரைப் பெரியவர் கேலுஸ்கர் பரோடா மன்னர் சயாஜிராவிடம் அழைத்துச் சென்றார். மன்னர் சில வினாக்கள் கேட்டு, மாதம் 25 ரூபாய் அளிக்க இசைந்தார். எல்பின்ஸ்டன் கல்லூரியிலோ பேராசிரியர் முல்லர் நூல்களை இரவலாகவும் உடைகளை அன்பளிப்பாகவும் ஈந்தார். (ஆசிரியராகிய நமக்கு மன்னரினும் இவரே நெருக்கமானவர்!)

1912-இல் பி.ஏ. தேறினார். 1913-இல் மன்னர் மூன்றாண்டு உதவித்தொகையுடன் அமெரிக்கக் கொலம்பியாவுக்கு அனுப்பினார். அதுவும் இலவசமன்று, படிப்பு முடித்துப் பரோடாவில் பத்தாண்டு பணிபுரிவதாக ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டே கப்பலேறினார்.