கணித வேந்தர் கார்ள் பிரீட்ரிக் கௌஸ்

ஜேர்மனியின் வடபாகத்தே பிரவுண்சுவைக் என்றொரு பழைய நகர் உண்டு. அந்நகரில் 1777 ஆம் ஆண்டு ஏப்ரல் 30 ஆம் நாள், எளிய குடும்பமொன்றிற் பிறந்தவரே கார்ள் பிரீட்ரிக் கௌஸ். 2002 இல் யூரோ புழக்கத்திற்கு வரும்வரை இந்நாட்டின் பத்து மார்க் தாளில் இவரது முகமே அச்சிடப்பட்டிருந்தது. அத்தாளை எண்ணிக் கொடுத்தோர் பலர். அதிலிருந்தவரை எண்ணிப் பார்த்தோர் சிலரே.

தந்தையார் தோட்ட வேலை, கொத்து வேலை எனக் கிடைத்த தொழில்களைச் செய்து குடும்பத்தைக் காத்தவர். தாயார் டொரோதேயா எழுத அறியாதவர். மகன் பிறந்த திகதியை அவர் குறித்து வைக்கவில்லை. இயேசுபிரான் விண்ணேறிய திருநாளுக்கு எட்டு நாட்கள் முந்திய புதன்கிழமை என்பது மட்டுமே அவர் நினைவில் இருந்தது. அந்த ஒரு குறிப்பைக் கொண்டு மகன் தன் பிறந்த நாளைக் கணித்தறிந்தார். எவ்வாண்டிலும் உயிர்த்த ஞாயிறு எந்நாளில் வரும் என்பதைக் கூறும் கணிப்பு முறையை அவர் 1800 இல் வெளியிட்டார் என்பதையும் ஈண்டு நினைவிற் கொள்க.

ஏழு வயதிற் பாடசாலை சென்ற கௌஸைப் பற்றிய கதை யாவரும் அறிந்ததே. மாணவர்களை நெடுநேரம் அமைதியாக இருத்தும் பொருட்டு, பியூட்னர் என்னும் ஆசிரியர் நீண்ட கூட்டற் கணக்கொன்றைக் கொடுத்தார். ஏனையோர் கூட்டத் தொடங்குமுன்னரே சிறுவன் கௌஸ் விடையை எழுதிய கற்பலகையை மேசையில் வைத்துவிட்டான். கௌஸ் தமது முதுமையில் இதனை நண்பர்களிடம் கூறினார். அவர் மறைந்தபின் 1856 இல் வெளிவந்த முதல் வரலாற்று நூலில் அது கூட்டல் விருத்தியாய் அமைந்த கணக்கு என்று மட்டுமே உள்ளது. ஒன்று முதல் நூறு வரை என்பது பின்வந்தோர் சேர்த்தது.

எண்கள் எவையாயினும் ஆகுக. வழியே எமக்கு வேண்டுவது. ஒன்றையும் நூறையும் கூட்டினால் 101. இரண்டையும் தொண்ணூற்றொன்பதையும் கூட்டினாலும் 101. இவ்வாறு ஐம்பது சோடிகள், ஆகவே 5050. ஏனைய சிறுவர் நடந்த வழி வேறு. அவர்களுக்கு நூறாம் படியை அடைய தொண்ணூற்றொன்பதாம் படி வேண்டும். அதற்கு அதன் முந்திய படி வேண்டும். முன்னைய உறுப்பிலிருந்து பின்னையதைப் பெறுவது மீள்வழிச் சூத்திரம். இடையிலுள்ளவற்றைத் தாண்டி, வேண்டிய உறுப்பை உடனே பெறுவது நேர்ச் சூத்திரம்.

5, 8, 11 எனச் செல்லும் விருத்தியை எடுத்துக்கொள்வோம். ஐந்தில் தொடங்கி ஒவ்வொரு முறையும் 3 கூட்டுக என்பது மீள்வழி. இருபதாம் உறுப்பை நேரே பெறவேண்டின், ஐந்துடன் பத்தொன்பது மூன்றுகளைக் கூட்டி 62 என்க. இவ்விடத்தே இருபது மூன்றுகளைக் கூட்டும் பிள்ளைகளே அதிகம். வரிசையாக நட்ட இருபது வேலிக்கதியால்களுக்கு இடையே இடைவெளி பத்தொன்பதே என்று காட்டினால் அவர்களுக்கு உடனே விளங்கிவிடும்.

பியூட்னர் கடுமையானவர் என்றே எழுதப்பட்டுள்ளது. எனினும் அவரை வெறும் பிரம்படி வாத்தியாராகக் காட்டுவது நீதியன்று என்பது எமது எண்ணம். தம்மிடம் கற்க இனி எதுவும் இல்லையென்று கண்டதும், ஹம்பேர்க்கிலிருந்து உயர்ந்த கணித நூலொன்றை அச்சிறுவனுக்காக அவர் வரவழைத்தார் என்பர். அவரது உதவியாளராயிருந்த இளைஞர் மார்ட்டின் பார்ட்டெல்ஸ் கௌஸுடன் அமர்ந்து கற்றார். தந்தையாரோ மகன் ஒரு கைத்தொழிலைப் பயில்வதையே விரும்பினார். தாயார் மகன் பக்கம் நின்றார். ஈற்றில் 1788 இல் கௌஸ் கிம்னாசியம் சென்றார். நான்காம் வகுப்பு முடிவில், பிள்ளையை எப்பாடசாலைக்கு அனுப்புவது என்று ஆசிரியர் தரும் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உறங்காதிருக்கும் எமது பெற்றோருக்கு அவ்வீட்டின் நிலைமை நன்கு புரியும்.

1791 இல் பிரவுண்சுவைக் கோமகன் கார்ள் வில்கெல்ம் பேர்டினன்ட் கௌஸின் திறமையை அறிந்து பொருளுதவி வழங்கலானார். 1795 இல் கௌஸ் கேற்றிங்கன் பல்கலைக்கழகம் சேர்ந்தார். மொழியியலா கணிதமா என்று தயங்கியிருந்தவர், 1796 மார்ச்சில் கவராயமும் வரைகோலும் மட்டுமே கொண்டு ஒழுங்கான பதினேழு பக்க உருவை அமைக்கலாம் எனக் கண்டதும் கணிதத்தையே தேர்ந்தார். 1801 இல் வெளிவந்த எண்கணித ஆய்வு நூலைக் கோமகனுக்கே காணிக்கையாக்கினார்.

அவ்வாண்டு கௌஸின் புகழை வானளாவ உயர்த்தியது ஒரு பெருக்கல் விருத்தியின் வெற்றிடம். 3, 6, 12, 24, 48, 96 என இரட்டித்துச் சென்று, ஒவ்வொன்றுடனும் 4 கூட்டினால் 7, 10, 16, 28, 52, 100 வரும். சூரியனிலிருந்து பூமியின் தூரத்தை 10 எனக் கொண்டால், வெள்ளி, பூமி, செவ்வாய், வியாழன், சனி ஆகியவற்றின் தூரங்கள் இவற்றோடு ஏறத்தாழப் பொருந்துகின்றன. 1766 இல் தித்தியுஸும் 1772 இல் போடேயும் இதனை எடுத்துக் கூறினர். 28 இன் இடத்தில் மட்டும் எதுவும் இல்லை. 1801 புத்தாண்டு நாளில் பலேர்மோவில் பியாற்சி ஒரு சிறுகோளைக் கண்டார். நாற்பத்தொரு நாட்களில் அது கண்ணுக்கு எட்டாமற் போயிற்று. அந்தச் சில அவதானிப்புகளைக் கொண்டே இருபத்துநான்கு வயதுக் கௌஸ் அதன் பாதையைக் கணித்தார். அவ்வாண்டு டிசம்பரில் அவர் சொன்ன இடத்துக்கு அண்மையில் செரெஸ் மீண்டும் அகப்பட்டது. அதன் தூரம் ஏறக்குறைய 27.7. ஆயினும் கௌஸ் கணித்தது அவதானிப்பிலிருந்தேயன்றி அவ்விருத்தியிலிருந்து அன்று. 1846 இல் நெப்டியூன் கண்டுபிடிக்கப்பட்டபோது விருத்தி கூறிய 388 எங்கே, உண்மையான 301 எங்கே! சில உறுப்புகளுக்குப் பொருந்துவதனால் மட்டும் ஒரு சூத்திரம் நிறுவப்பட்டதாகாது.

நேர்ச் சூத்திரத்தாற் புகழ்பெற்ற அவரே மீள்வழியின் பேராசானும் ஆவார். இரு எண்களைக் கூட்டிப் பாதியாக்குக. அவற்றைப் பெருக்கி வர்க்கமூலம் காண்க. கிடைத்த இரண்டையும் கொண்டு மீண்டும் அவ்வாறே செய்க. 1.41421, 1 ஆகியவற்றில் தொடங்கினால் 1.20711, 1.18921 ஆகும், பின் 1.19816, 1.19812, மூன்றாம் முறையில் இரண்டும் 1.19814 என ஒன்றாகிவிடும். எட்டு வடிவ வளைகோடொன்றின் நீளத்தைக் கொண்டு பெறப்படும் எண்ணொன்றுடன் இவ்வெண் பதினொரு தசமதானம்வரை ஒத்துப்போவதை 1799 மே 30 ஆம் நாள் தமது நாட்குறிப்பிற் பதிந்தார்.

1807 இல் கேற்றிங்கன் வானாய்வுக்கூடத்தின் இயக்குநரானார். பத்தாண்டுகளின் பின் முதிய தாயாரைத் தம்மோடு அழைத்துக்கொண்டார். பார்வையை இழந்த இறுதிக் காலத்திலும், 1839 இல் கண்மூடும்வரை, அவ்வன்னை மகனின் இல்லத்திலேயே வாழ்ந்தார். கௌஸ் 1855 பெப்ரவரி 23 ஆம் நாள் அதே நகரில் காலமானார். பிரவுண்சுவைக்கில் நிற்கும் அவரது சிலையின் பீடத்தில் பதினேழு முனை விண்மீன் ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. அவ்வழி செல்வோர் பிள்ளைகளைக் கொண்டு அம்முனைகளை எண்ணுவித்துப் பார்க்கலாம்.