ஓவில்லியே மடத்துப் பண்டகக் காப்பாளர்

பாரிஸ் மாநகரில் வாழும் பிள்ளைகளையோ உடன்பிறப்புகளையோ காணச் செல்லும் வாய்ப்பு உங்களில் பலருக்குக் கிடைத்திருக்கும். சிலருக்கு இனிக் கிடைக்கலாம். லூர்து அன்னையின் திருத்தலத்தைத் தரிசித்துத் திரும்பிய பின், எஞ்சிய நாட்களில் எங்கே போகலாம் என்ற பேச்சு வீட்டில் எழும். திராட்சைத் தோட்டங்களைப் பார்த்து, நிலவறைகளில் இறங்கி, அங்கே வடிக்கும் இரசத்தைச் சுவைத்து வரலாமே என்று இளையவர் ஒருவர் சொல்வார். பாரிஸின் கிழக்கு ரயில் நிலையத்திலிருந்து ஷாம்பெயின் நாட்டின் எப்பர்னே நகருக்கு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரப் பயணம்தான். பெரிய நிறுவனங்களின் நிலவறைகளைப் பார்க்க முன்கூட்டியே பதிவு செய்வது நல்லது. தொழில்முறையில் சுவைப்போர் இரசத்தை விழுங்குவதில்லை, வாயில் வைத்து உமிழ்ந்துவிடுவர் என்பதையும் அறிந்து வைத்திருங்கள். இவற்றையெல்லாம் வழிகாட்டி நூல்களே சொல்லும். எமது வேண்டுகோள் ஒன்றுதான். எப்பர்னேயிலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீற்றர் தூரத்தில், மார்ன் ஆற்றை நோக்கிய மலைச்சரிவில் இருக்கும் ஓவில்லியே என்ற சிற்றூரையும் உங்கள் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பக்திப் பத்தியில் மதுவைப் பற்றி எழுதுவதா என்று நீங்கள் தயங்கக்கூடும். குடியினால் குலைந்த குடும்பங்களை அறியாத பங்கு நம்மிடையே ஏது? அத்தயக்கம் புனித ஆசீர்வாதப்பருக்கும் இருந்தது. 6ஆம் நூற்றாண்டில் அவர் வகுத்த துறவற ஒழுங்கில், மது துறவிகளுக்கு உரியதன்று என்ற கருத்தைக் குறிப்பிட்டு, அதை அவர்கள் ஏற்கச் செய்வது அரிது என்பதையும் ஒப்புக்கொண்டு, நாளொன்றுக்கு ஒரு சிறிய அளவை மட்டும் அனுமதித்தார். அதே ஒழுங்கில் மடத்தின் பண்டகக் காப்பாளருக்கென ஓர் அதிகாரமும் உண்டு. மடத்தின் பொருட்கள், கருவிகள் அனைத்தையும் அவர் பீடத்தின் திருப்பாத்திரங்களைப் போலக் கருத வேண்டும். நோயாளர், சிறுவர், விருந்தினர், ஏழைகள் ஆகியோரைக் கருத்தாய்ப் பேண வேண்டும். ஓவில்லியேயில் அடங்கியிருப்பவர் அத்தகைய ஒரு பண்டகக் காப்பாளரே. உலகின் விலையுயர்ந்த மதுப் போத்தல்களில் ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் டொம் பெரினியோன்.

பியேர் பெரினியோன் 1638இல், ஷாம்பெயின் நாட்டின் கிழக்கு எல்லையை அண்டிய சென்ற் மெனூ என்ற ஊரில் பிறந்தார். தந்தையார் நீதிமன்றத்தில் எழுத்தர்; குடும்பத்திற்குத் திராட்சைத் தோட்டங்களும் இருந்தன. ஷாலோன் நகரில் இயேசு சபையினரிடம் கல்வி கற்ற அவர், இளவயதிலேயே வேர்டன் நகரின் சென் வான் மடத்தில் ஆசீர்வாதப்பர் சபைத் துறவியானார். ‘டொம்’ என்பது அச்சபைக் குருத்துவத் துறவிகளுக்கு வழங்கும் மரியாதைப் பெயராகும்.

1668இல், முப்பது வயதை எட்டும் வேளையில், ஓவில்லியே மடத்தின் பண்டகக் காப்பாளராக அனுப்பப்பட்டார். ரெய்ம்ஸ் நகரின் ஆயர் புனித நிவார் 7ஆம் நூற்றாண்டில் நிறுவிய பழம்பெரும் மடம் அது. திருச்சிலுவையைக் கண்டெடுத்தவராக நாம் போற்றும் புனித ஹெலேனாவின் திருப்பண்டங்கள் 9ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே இருந்தன. ஒரு துறவி அவற்றை உரோமையிலிருந்து களவாகக் கொண்டுவந்தார் என்பதை மடத்தார் மறைக்கவும் இல்லை.

மடத்தின் வரவு, செலவு, நிலம், கடன், உணவு யாவும் பெரினியோனின் பொறுப்பாயின. மடத்தின் முதன்மையான வருவாய் திராட்சையிலிருந்தே வந்தது. சொந்தத் தோட்டங்களின் விளைச்சலோடு, சுற்றுக் கிராமங்கள் செலுத்திய பத்திலொரு பங்கும் மடத்தை வந்தடைந்தது. ஆகவே பல மண்ணில் விளைந்த பல தரத்துப் பழங்கள் அவர் முன் குவிந்தன. எதை எதனோடு, எவ்வளவு சேர்த்தால் நல்லது என்று தீர்மானிப்பதே அவருடைய தனித்திறமையாயிற்று. அவருக்குப் பின் மடத்துச் சகோதரர் ஒருவர் எழுதி வைத்த குறிப்பின்படி, அவர் தோட்டத்தில் நின்று பழத்தைச் சுவைப்பதில்லை. பறித்து வந்த பழங்களை இரவு முழுவதும் சாளரத்தருகே காற்றாட வைத்து, மறுநாட் காலையில் வெறும் வயிற்றோடு சுவைத்துப் பார்ப்பார். பிழிவதற்கு முன்னரே, இரசம் எப்படி வரும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

யாழ்ப்பாணத்து முந்திரிகைப் பந்தலின் கீழ் நின்றவர்களுக்கு ஷாம்பெயின் தோட்டங்கள் வியப்பூட்டும். அங்கே கொடிகளைப் பந்தலில் ஏற்றுவதில்லை. குட்டையாகக் கத்தரித்து வளர்க்கிறார்கள். பெரினியோன் காலத்து முறைகள் 1718இல் வெளியான ஒரு நூலில் பதிவாகியுள்ளன. கொடியை நன்கு கத்தரித்து விளைச்சலைக் குறைக்க வேண்டும்; குளிர்ந்த அதிகாலையில் பறிக்க வேண்டும்; நசுங்கிய பழத்தை ஒதுக்க வேண்டும்; சுமந்து செல்லக் குதிரையிலும் கழுதையோ கோவேறு கழுதையோ மேல், ஏனெனில் அவை எளிதில் மிரள்வதில்லை. கறுத்தத் திராட்சையிலிருந்து தெளிந்த வெள்ளை இரசத்தை எடுப்பதற்கே இத்தனை கவனமும். தோல் நசுங்கினால் நிறம் இறங்கிவிடும்.

அவருக்கும் பெருமிதம் இல்லாமல் இல்லை. 1694இல் எப்பர்னேவாசி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், தாம் கொடுத்த 26 போத்தல் இரசம் உலகிலேயே சிறந்தது என்று குறிப்பிட்டார். துறவிக்கு இது தகுமா என்று கேட்கலாம். எமக்கென்னவோ அவ்வரியைப் படித்த பின்னரே அவர்மேல் அன்பு கூடிற்று.

இனி, எல்லோரும் அறிந்த கதைக்கு வருவோம். நுரை பொங்கும் ஷாம்பெயினை அவரே கண்டுபிடித்தார் என்பதும், அதை முதன்முதலில் சுவைத்தபோது விண்மீன்களைப் பருகுவதாக வியந்து சகோதரர்களைக் கூவியழைத்தார் என்பதும், அவர் பார்வையற்றவர் என்பதும் ஊரறிந்த கதைகள். மூன்றுக்கும் ஆதாரமில்லை. இங்கிலாந்தில் கிறிஸ்தோபர் மெரெற் என்ற மருத்துவர், இரசத்தில் சீனி சேர்த்து நுரைக்கச் செய்யும் வழக்கத்தை 1662இலேயே ஓர் ஆய்வுரையில் குறித்திருந்தார். பெரினியோன் ஓவில்லியேக்கு வருவதற்கு ஆறு ஆண்டுகள் முன்னதாக. உண்மையில் நுரை அவருக்குத் தொல்லையாகவே இருந்தது. வட பிரான்சின் குளிர் அறுவடையைத் தொடர்ந்து விரைந்து வந்து, இரசத்தின் நொதித்தலை இடையில் நிறுத்திவிடும். வசந்தத்தில் வெப்பம் ஏறியதும் அது மீண்டும் தொடங்கும். அதற்குள் போத்தலில் அடைத்திருந்தால் உள்ளே வாயு திரண்டு, அக்காலத்து மெல்லிய கண்ணாடியைச் சிதறடிக்கும். ஒன்று வெடித்தால் அருகிலிருப்பவையும் வெடிக்கும். ஆண்டு முழுவதும் உழைத்த உழைப்பு நிலவறைத் தரையில் ஓடும். அதைத் தடுக்க அவர் பாடுபட்டார். எதைத் தவிர்க்க முயன்றாரோ, அதற்காகவே இன்று உலகம் அவரைக் கொண்டாடுகிறது.

இக்கதையைப் பரப்பியவர் யார் தெரியுமா? அம்மடத்தின் கடைசிப் பண்டகக் காப்பாளர் டொம் குரொசார். பிரெஞ்சுப் புரட்சியில் மடம் மூடப்பட்டுத் துறவிகள் சிதறினர். முதுமையில் அவர் 1821இல் எழுதிய கடிதமொன்றிலேதான் பெரினியோன் நுரைக்கும் இரசத்தின் இரகசியத்தைக் கண்டவராகத் தோன்றுகிறார். இழந்துபோன இல்லத்தின் புகழை உயர்த்திப் பேசிய முதியவரை நாம் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. புரட்சியின்போது புனித ஹெலேனாவின் திருப்பண்டங்களை ஒளித்துக் காப்பாற்றியவரும் அவரே. அவை இன்று பாரிஸின் சென் டெனி வீதியிலுள்ள சென் லே சென் ஜில் ஆலயத்தில் உள்ளன. ஊர் திரும்புமுன் அங்கும் ஒருமுறை சென்று செபியுங்கள்.

மடத்தின் நிலம் பின்னர் மொயே எ ஷாந்தோன் என்ற மது நிறுவனத்தாரின் உடைமையாயிற்று. பெரினியோன் பெயரிட்ட முதல் போத்தல்கள், 1921ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து, 1930களிலே சந்தைக்கு வந்தன. அச்சரிவுகளை யுனெஸ்கோ 2015இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

மன்னர் பதினான்காம் லூயி பிறந்த அதே 1638இல் பிறந்து, அவர் மறைந்த அதே 1715 செப்டெம்பரில் பெரினியோனும் மறைந்தார். மடத்தின் ஆலயம் இப்போது ஊர்ப் பங்காலயம். பீடத்தின் முன், தரையில் பதித்த கருங்கல் ஒன்றின் கீழ் அவர் உறங்குகிறார். கல்லில் இலத்தீனில் சில வரிகள் உண்டு. உங்கள் பிள்ளைகள் அதில் ஷாம்பெயினைத் தேடுவார்கள். திராட்சை என்ற சொல்லும் அங்கில்லை. சகோதரர்கள் அவரைப் பற்றிப் பொறித்து வைத்தவை சிலவே. 47 ஆண்டுகள் பண்டகக் காப்பாளராக இருந்தார், மடத்தின் உடைமைகளை மிகுந்த பாராட்டுக்குரிய விதத்தில் நிர்வகித்தார், நற்பண்புகள் நிறைந்தவர், எல்லாவற்றிற்கும் மேலாக, ஏழைகள்மீது ஒரு தந்தையின் அன்பு கொண்டிருந்தார்.