வேலூர் டாக்டரம்மா ஐடா ஸ்கட்டர்

சவலைப் பிள்ளை என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. கை கால் சூம்பி, எதற்கெடுத்தாலும் சிணுங்கும் பிள்ளை. அதற்கு என்ன ஊட்டலாம் என்று காரைக்குடிப் பக்கத்து ஆயாமார் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். பெற்றவளின் மனம் எப்படி இருக்கிறது என்று கேட்பவர் அரிது. அதைக் கேட்ட ஊர் வேலூர். அங்கே ஓர் ஆஸ்பத்திரியைத் தோற்றுவித்து அதற்கு வழி வகுத்தவர் ஐடா ஸ்கட்டர் என்ற அமெரிக்க மாது.

1870 டிசம்பர் 9-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா. பாட்டனார் காலந்தொட்டே வைத்தியக் குடும்பம். பாதிரிக் குடும்பமும் கூட. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை உலுக்கிய தாது வருஷப் பஞ்சத்தின்போது அவர் சின்னஞ்சிறுமி. எலும்பும் தோலுமாய்க் கிடந்த குழந்தைகளின் வாயில் ரொட்டியைப் பிட்டு ஊட்டும் வேலை அவருக்குக் கிடைத்தது. பின்னர் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவர், இந்தியாவில் வாழ்வதில்லை என்று தீர்மானித்துவிட்டார். தாயாருக்கு உடம்பு சரியில்லை என்ற செய்திதான் 1890-ல் அவரைத் திண்டிவனத்துக்கு வரவழைத்தது. சில மாதம் இருந்துவிட்டுப் போய்விடலாம் என்பது எண்ணம்.

ஒரே இரவு, மூன்று பேர்

அங்கே ஓர் இரவு கதவு தட்டப்பட்டது. ஓர் அந்தண வாலிபர்; மனைவிக்குப் பிரசவ வேதனை. தகப்பனார் டாக்டர், உடனே வருவார் என்றார் ஐடா. அந்நிய ஆடவர் தம் மனைவியைப் பார்ப்பதற்கு அந்த வாலிபர் இசையவில்லை. வைத்தியமே அறியாத ஐடாவைத்தான் அழைத்தார். அவர் போன சிறிது நேரத்தில் ஒரு முஸ்லிம் அன்பர், அப்புறம் இன்னொரு ஹிந்து. மூவருக்கும் அதே கஷ்டம். மூவரும் அதே பதிலோடு திரும்பினார்கள். காலையில் விசாரித்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அன்று காரைக்குடியிலோ கானாடுகாத்தானிலோ ஒரு பெரிய வீட்டில் இப்படி நேர்ந்திருந்தால் மட்டும் ஆண் டாக்டரை உள்ளே விட்டிருப்பார்களா என்பது சந்தேகமே.

ஐடாவின் தீர்மானம் மாறியது. அமெரிக்கா சென்று வைத்தியம் பயின்று, 1899-ல் கார்னெல் கல்லூரியில் பட்டம் பெற்றார். நியூயார்க் பாங்க் அதிபர் ஒருவர் காலஞ்சென்ற தம் மனைவியின் நினைவாகத் தந்த 10,000 டாலருடன் 1900-ல் வேலூருக்கு வந்தார். தகப்பனார் வீட்டில் ஒரே ஒரு கட்டிலுடன் தொடங்கிய வைத்தியம், 1902-ல் 40 படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரியாயிற்று. ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களைத் தேடி மாட்டு வண்டியிலும், 1909 முதல் பியூஜோ மோட்டாரிலும் கிராமங்களுக்குப் போனார். சாலையோர மரத்தடியே வைத்தியசாலை. அதே 1909-ல் தாதியர் பள்ளி. 1918-ல் பெண்களுக்கு வைத்தியப் பள்ளி. 1922-ல் முதல் வகுப்பில் 14 பெண்கள் தேறி வெளிவந்தார்கள்.

உடம்புக்கு அப்பால்

இவ்வளவும் உடம்பைப் பற்றியது. பிள்ளை பெற்றவள் பிதற்றினால் ஜன்னி என்பார்கள். பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் அதற்குப் பெயரே கிடையாது. 1957-ல் வேலூரை அடுத்த பாகாயத்தில், ஐடா தோற்றுவித்த நிறுவனம் மனநல மருத்துவ நிலையம் ஒன்றைத் திறந்தது. நோயாளியைத் தனியே அடைத்து வைக்காமல், உறவினரும் உடன் தங்கிக் கவனிக்கும் ஏற்பாடு அங்கே உண்டு. ஐடா அப்போது ஓய்வு பெற்றுக் கொடைக்கானலில் இருந்தார். 1960 மே மாதம் அங்கேயே காலமானார்.

அவர் மறைந்து நெடுங்காலம் கழித்து, அந்நிறுவனத்து டாக்டர்கள் அருகிலுள்ள கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் கர்ப்பிணிகள் 359 பேரைச் சந்தித்தார்கள். பிரசவமான பிறகும் போய்ப் பார்த்தார்கள். 2002-ல் முடிவு வெளியாயிற்று. பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு கண்டவர்கள் 100-க்கு 11 பேர். வறுமை, ஆணை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனஸ்தாபம், கைவேலைக்கு ஒத்தாசை இல்லாமை என்று காரணங்கள் தெரிந்தன.

தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை ஆத்தா வீட்டுக்கு அழைத்துக்கொள்ளும் வழக்கம் ஒத்தாசைக் குறைக்கு ஓரளவு பரிகாரம். ஆனால், பிள்ளையோடு புகுந்த வீடு திரும்பிய பிறகு? செட்டிநாட்டில் அந்நாளில் கணவன்மார் கொண்டுவிற்க பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போய் வருஷக்கணக்கில் திரும்பமாட்டார்கள். பெரிய வீட்டின் ஒரு மூலையில் தனிப் புள்ளியாக உலை வைத்த இளந்தாய்மார் என்ன பாடுபட்டார்களோ, யார் கணக்கெடுத்தார்கள்?

கணியம்பாடியில் இன்னொரு கணக்கும் எடுத்தார்கள். எடை குறைந்த 72 குழந்தைகளையும், அதே வயதில் நன்றாய் வளர்ந்த 72 குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். 2004-ல் வெளியான முடிவின்படி, எடை குறைந்த பிள்ளைகளின் தாய்மாரிடையேதான் மனச்சோர்வு அதிகம். மனச்சோர்வு பிடித்தவளுக்குத் தன் பசியே தெரியாது. ஆறு மாதம் கடந்த பிள்ளைக்கோ, துப்பத் துப்பக் கொஞ்சிக் கொஞ்சி, ஒரு நாளைக்குப் பல தடவை ஊட்டியாக வேண்டும்.