எர்ன்ஸ்ட் ரஸ்கா

கண்ணுக்குப் புலப்படாத பகையை வெல்லுதல் அரிது. அம்மை, இளம்பிள்ளை வாதம் முதலிய நோய்களை விளைக்கும் வைரஸ் அத்தகைய பகையாகும். ஒளியின் துணைகொண்டு காட்டும் நுண்பெருக்கிக்கு அது பெரும்பாலும் அகப்படவில்லை. ஒளியலையின் நீளத்தினும் அது மிகச் சிறிதாயிருந்ததே அதற்குக் காரணம். அதனைக் கண்முன் நிறுத்தும் வழியைத் திறந்தவர் எர்ன்ஸ்ட் ரஸ்கா.

இவர் ஜெர்மனி நாட்டு ஹைடல்பர்க் நகரில் 1906 ஆம் ஆண்டு டிசம்பர் 25 ஆம் நாள் பிறந்தார். தந்தையார் யூலியஸ் ரஸ்கா அறிவியல் வரலாற்றில் வல்லவர். பெர்லின் தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்ற எர்ன்ஸ்ட், மாக்ஸ் நோல் என்னும் அறிஞருடன் கூடி, 1931 இல் எலெக்ட்ரான் நுண்பெருக்கியை அமைத்தார். ஒளிக்கு மாறாக எலெக்ட்ரான் கதிரும், கண்ணாடி வில்லைக்கு மாறாகக் காந்தச் சுருளும் அதன்கண் அமைந்தன. 1933 இல் அவர் இயற்றிய மற்றொரு கருவி, பொருள்களை 12,000 மடங்கு பெருக்கிக் காட்டி, ஒளி நுண்பெருக்கியை விஞ்சியது.

ஆயினும் இடர் ஒன்று எதிர்நின்றது. கதிரின் வெம்மையால் பருத்தி இழையும் கரிந்தது. உயிர்ப்பொருளை ஆராய இக்கருவி உதவாது எனப் பலர் கருதினர், பொருளுதவியும் கிட்டவில்லை. எர்ன்ஸ்ட் தொலைக்காட்சித் தொழிற்சாலை ஒன்றில் பணியேற்க நேர்ந்தது. எனினும் அவர் தம் எண்ணத்தைக் கைவிட்டாரல்லர். காட்டும் பொருள் மிக மெல்லியதாயின், அது கதிரைப் பெரிதும் உட்கொள்ளாது. ஆகவே கரியாது என்பது அவர் துணிபு.

மருத்துவம் பயின்ற தம்பி ஹெல்முட் அதனை நம்பினார். தம் ஆசிரியர் ஸீபெக்கிடம் கருவியின் பயனை எடுத்துரைத்தார். 1936 இல் அவ்வாசிரியர் எழுதித் தந்த கருத்துரை பெருந்துணையாயிற்று. ஸீமன்ஸ் நிறுவனம் கருவியை ஆக்க முன்வந்தது. 1939 இல் ஹெல்முட்டும் அவர்தம் தோழர்களும் புகையிலைத் தேமல் நோயின் வைரஸைக் கோல் வடிவிற் கண்டனர்.

போருக்குப் பின்னர், உயிரணுவை ஒரு மில்லிமீட்டரில் 10,000 இல் ஒரு பங்கினும் மெல்லிய சீவல்களாக அரியும் முறை கைவந்தது. நோயுற்ற மனிதரின் உயிரணுவினுள் வைரஸ் துகள்கள் உருப்பெறுவதும், திரள்வதும், சிலவகை புறச்சவ்வைப் போர்த்துக்கொண்டு வெளியேறுவதும் படிப்படியாகப் படங்களிற் புலனாயின.

1986 இல் எர்ன்ஸ்ட் ரஸ்காவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கருவி தோன்றி 55 ஆண்டுகள் கழிந்திருந்தன. அதன் பயனை உலகுக்குக் காட்டிய தம்பியோ 1973 இலேயே மறைந்துவிட்டார். எர்ன்ஸ்டும் 1988 மே 27 இல் பெர்லினில் காலமானார். தமையனின் அறிவும் தம்பியின் நம்பிக்கையும் கூடியிராவிடின், அக்கருவி மருத்துவத்துக்குப் பயன்படும் நாள் நெடிது தள்ளிப்போயிருக்கும்.