வேடன் எழுத்தாளனான கதை

வட அமெரிக்காவின் புல்வெளிகளிலே குளிர்காலம் வேடர்களின் அறுவடைக் காலமாகும். அக்காலத்திலேதான் ஓநாய்க்கும், அதன் சிறிய உறவான கொயோற்றிக்கும் உரோமம் அடர்ந்து செழித்திருக்கும். தோலுக்கு நல்ல விலை கிடைக்கும். பனிமீது பதியும் அடிச்சுவடு விலங்கு சென்ற வழியைக் காட்டிக் கொடுக்கும். கொயோற்றி என்பது நம் நாட்டு நரியின் தோற்றத்தை ஒத்து, உருவில் அதனிலும் சற்றுப் பெரிதான விலங்கு. கன்றையும் ஆட்டையும் கொல்லும் பகையென்று கருதி இவ்விரு விலங்குகளையும் துப்பாக்கியாலும் இரும்புப் பொறியாலும் நஞ்சாலும் ஒழிப்பதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு நிலவிய வழக்கம். கொன்றவனுக்குச் சன்மானமும் உண்டு. அத்தகைய வேட்டைக்கென 1893ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் நியூ மெக்சிக்கோவுக்குச் சென்ற ஒருவர், அடுத்த ஆண்டு விலங்குகளுக்காக வழக்காடும் எழுத்தாளராகத் திரும்பினார். அவரே ஏணெஸ்ற் தொம்சன் சீற்றன்.

சீற்றன் 1860ஆம் ஆண்டு ஓகஸ்ற் 14ஆம் நாள் இங்கிலாந்தின் தென் சீல்ட்ஸ் நகரிலே பிறந்தார். செல்வத்தை இழந்த தந்தையார் 1866இல் குடும்பத்துடன் கனடாவிற் குடியேறினார். ரொறன்ரோ நகரை அடுத்த பள்ளத்தாக்குகளிலே தனியே அலைந்து, பறவைகளையும் சிறு விலங்குகளையும் பார்த்திருப்பதே சிறுவனின் பேரின்பமாயிற்று. வீட்டிலோ தந்தையின் கடுமை. மகனுக்கு இருபத்தொரு வயது நிரம்பியதும், பிறந்த வேளையில் மருத்துவருக்குக் கொடுத்த கூலி முதலாக அவனுக்கெனச் செலவிட்ட பணம் முழுவதையும் கணக்கெழுதி அவர் நீட்டினாராம். 1940இல் வெளிவந்த தம் சுயசரிதையிலே சீற்றன் இதனைப் பதிந்துள்ளார். அன்புக்கு விலை குறிக்கப்பட்ட இல்லத்தில் வளர்ந்தவர், பிற்காலத்தில் ஒரு விலங்கின் அன்பைக் கண்டு கலங்கியதில் வியப்பில்லை.

இலண்டனிலும் பாரிசிலும் அவர் ஓவியம் பயின்றார். உறங்கும் ஓநாயொன்றைத் தீட்டிய அவரது படம் 1891இல் பாரிஸ் ஓவியக் கண்காட்சியில் இடம்பெற்றது. மனிதனின் மண்டையோட்டை ஓநாய் கடித்துக்கொண்டிருக்கும் அடுத்த படத்தை 1892இல் அக்கண்காட்சியினர் ஏற்க மறுத்தனர். ஓநாய் அவருடைய உள்ளத்தை எவ்வளவு ஆட்கொண்டிருந்தது என்பதற்கு இவ்விரு படங்களுமே சான்று. இந்நிலையிலேதான் மாட்டுப் பண்ணை உடைமையாளர் ஒருவரின் அழைப்பு வந்தது. கறம்போ ஆற்றுப் பகுதியில் மந்தைகளை அழித்துவந்த ஓநாய்க் கூட்டமொன்றை ஒழித்துத் தருமாறு அவர் கேட்டார். அக்கூட்டத்தின் தலைவனுக்கு மக்கள் இட்டிருந்த பெயர் லோபோ. ஸ்பானிய மொழியில் ஓநாய் என்பதே அதன் பொருள். அதன் தலைக்கு ஆயிரம் டொலர் விலை வைக்கப்பட்டிருந்ததென்று சீற்றன் எழுதியுள்ளார்.

முதலில் நஞ்சை நம்பினார் சீற்றன். பாலாடைக்கட்டியையும் பசுவின் கொழுப்பையும் உருக்கிச் சேர்த்து, இரும்பின் வாடை படாதிருக்க எலும்புக் கத்தியால் துண்டாக்கி, உள்ளே நஞ்சை ஒளித்தார். மனித வாடை ஒட்டாதிருக்கக் குருதியில் நனைத்த கையுறை அணிந்தார். இரைமீது தம் மூச்சுக்காற்றுப் படாமலும் காத்தார். லோபோ அவ்விரைகளை ஒவ்வொன்றாகக் கவ்விச் சென்று ஓரிடத்தில் குவித்து, அவற்றின்மேல் மலங்கழித்துத் தன் இகழ்ச்சியைக் காட்டிச் சென்றது. அடுத்து மண்ணிற் புதைத்த இரும்புப் பொறிகளையும் அது மோப்பத்தாலறிந்து தோண்டி வெளிப்படுத்திவிட்டது. மாதங்கள் கழிந்தன, பாரிசிற் பயின்ற கலைஞரின் கூர்மதி காட்டு விலங்கொன்றின் முன்னே பயனற்றுப் போயிற்று.

பின்னர் அடிச்சுவடுகளிலே ஒரு புதுமை தென்பட்டது. தலைவனுக்கு முன்னால் சிறிய சுவடொன்று சில வேளைகளிற் சென்றிருந்தது. தலைவனை முந்திச் செல்லும் உரிமை வேறெந்த ஓநாய்க்கும் இல்லை. ஆகவே அது லோபோவின் துணையாகவே இருத்தல் வேண்டும். வெண்ணிறமான அப்பெண் ஓநாயை மக்கள் பிளாங்கா என்றழைத்தனர். எவராலும் வெல்லமுடியாத விலங்கின் பலவீனம் அதன் அன்பே என்பதைச் சீற்றன் கண்டுகொண்டார். வெட்டி வீசிய பசுத்தலை ஒன்றின் அருகே பொறி வைத்தார். பிளாங்கா அகப்பட்டது. குதிரை வீரர் இருவர் அதன் கழுத்திற் சுருக்குக் கயிறு வீசி எதிரெதிரே இழுத்துக் கொன்றனர். அன்றிரவு முழுவதும் துணையைத் தேடி லோபோ எழுப்பிய ஓலம் பண்ணை வீடுவரை கேட்டது.

சீற்றன் அந்தத் துயரத்தையும் பொறியாக்கினார். நூற்றுமுப்பது பொறிகளைப் புதைத்து, பிளாங்காவின் உடலை அவற்றின்மீது இழுத்து வாடை பரப்பி, அதன் பாதத்தாலேயே மண்ணிற் சுவடும் பதித்தார். நஞ்சுக்கும் இரும்புக்கும் ஏமாறாத லோபோ துணையின் வாடைக்கு ஏமாந்தது. நான்கு கால்களும் நான்கு பொறிகளில் அகப்பட்ட நிலையில் அதனைக் கண்டனர். 1894ஆம் ஆண்டு சனவரி இறுதியில் நிகழ்ந்தது இது. உயிருடன் கட்டிக் கொண்டுவந்த அவ்விலங்கு இரையையும் நீரையும் தொடவில்லை. தன்னைப் பிடித்தவரை ஏறிட்டுப் பார்க்கவுமில்லை. புல்வெளியை நோக்கியவாறே கிடந்து இரவிலேயே உயிர் விட்டது. பிளாங்காவின் உடலருகே அதனைக் கிடத்தினர்.

அவ்வாண்டு நவம்பரில் அமெரிக்கச் சஞ்சிகையொன்றில் லோபோவின் வரலாற்றைச் சீற்றன் வெளியிட்டார். அதில் அவர் தம்மை வீரனாகக் காட்டவில்லை. வஞ்சனையால் வென்றவனாகவே காட்டினார். அக்கதையை முதலாகக் கொண்டு 1898இல் வெளிவந்த அவரது நூல் பெரும்புகழ் பெற்றது. 1901இல் வந்த மற்றொரு நூலிலே ரீற்றோ என்னும் கொயோற்றியின் கதையைச் சொன்னார். குடும்பத்தை வேடனிடம் இழந்து, சங்கிலியிற் கட்டுண்டு வளர்ந்து, பொறியும் நஞ்சும் இன்னவையெனத் துன்பத்தாற் கற்று, பின்னர் தப்பிச் சென்று தன் குட்டிகளுக்கு அவ்வறிவை ஊட்டிய தாய் அது. வேட்டையை வேட்டையாடப்படும் உயிரின் கண்கொண்டு நோக்குவதே அவரது எழுத்தின் புதுமை.

இப்புதுமைக்கு எதிர்ப்பும் எழுந்தது. இயற்கையெழுத்தில் முதுபெரும் அறிஞராகிய யோன் பறோஸ், 1903இல் எழுதிய கட்டுரையிலே, சீற்றன் மனித உணர்ச்சிகளை விலங்குகளின்மேல் ஏற்றிப் பொய்யை உண்மையெனத் தருகின்றாரென்று கடுமையாகத் தாக்கினார். குற்றச்சாட்டு முற்றிலும் ஆதாரமற்றதன்று. கதையின் சுவைக்காகச் சீற்றன் நிகழ்ச்சிகளைக் கோத்தும் கூட்டியும் எழுதியதுண்டு. ஆனால் அவர் சொற்போரில் இறங்கவில்லை. ஆய்விலே அமர்ந்தார். 1909இல் வடநாட்டு விலங்குகளைப் பற்றி இரு பெருந்தொகுதிகளையும், 1925 தொடக்கம் 1928 வரை வேட்டை விலங்குகளின் வாழ்வு பற்றி நான்கு தொகுதிகளையும் வெளியிட்டார். 1927இல் அவருக்கு வழங்கப்பட்ட பதக்கமோ, பறோசின் பெயராலேயே நிறுவப்பட்டது!

சிறுவர்களுக்கும் அவர் ஆசானாக விளங்கினார். தம் நிலத்தின் வேலியைச் சிதைத்த குறும்புச் சிறுவரைத் தண்டியாது பாசறைக்கு அழைத்து, 1902இல் காட்டுவாழ்வு பயிற்றும் இயக்கமொன்றை ஆரம்பித்தார். நம் பாடசாலைகளிலும் நன்கறியப்பட்ட சாரணர் இயக்கத்தின் அமெரிக்கக் கிளைக்கு 1910 முதல் 1915 வரை தலைமைச் சாரணராகவும் இருந்தார். முதுமையிலே, லோபோவைக் கொன்ற அதே நியூ மெக்சிக்கோவிற் குடியேறி, 1946ஆம் ஆண்டு ஒக்டோபர் 23ஆம் நாள் காலமானார்.

அவர் எழுத்து வேட்டையை உடனே நிறுத்திவிடவில்லை. 1915 முதல் அமெரிக்க அரசே பணம் ஒதுக்கி ஓநாய்களை ஒழித்தது. நியூ மெக்சிக்கோவிலும் அவை அற்றுப்போயின. 1998இலேதான் மெக்சிக்க ஓநாய்கள் அண்டை மாநிலமான அரிசோனாவின் மலைகளில் மீண்டும் விடப்பட்டன. கொயோற்றியோ, அத்தனை பொறிகளையும் நஞ்சையும் கடந்து, அலாஸ்கா முதல் பனாமா வரை பரவியுள்ளது. ரீற்றோவின் கதை பொய்க்கவில்லை. கொயோற்றிகளைக் கொன்று குவிக்கும் போட்டிகளை 2019இல் நியூ மெக்சிக்கோ மாநிலம் சட்டத்தால் தடைசெய்தது. லோபோவின் தோல் அம்மாநிலத்துச் சிமறொன் ஊரிலுள்ள நூதனசாலையிற் பேணப்படுகின்றது. அதனை வீழ்த்தியவர் பெயர் இன்றும் வாழ்வது, அவர் எய்திய வெற்றியால் அன்று. அவ்வெற்றியை எண்ணி நாணி, அந்நாணத்தை உலகறிய எழுதிய நேர்மையாலேயே ஆகும்.